வெந்தய வாசம்

கமலவேணியின் முதல் குழந்தைக்குப் பெயர் வைக்கவில்லை. பெயர் வைக்க நாள் பார்ப்பதற்குள் அது போய்விட்டது.

ஆண் குழந்தை. நாமக்கல்லில் பிறந்தது. பிறந்தபோது எல்லாக் குழந்தைகளையும் போல நன்றாகக் குடித்தது, நன்றாக அழுதது. சில நாட்களில் குடிப்பது குறைந்தது. பிறகு பூனைக்குட்டியின் குரலில் விடாமல் கத்தியது. அதுவும் ஓய்ந்தபோது உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு கிடந்தது. ஆஸ்பத்திரியில் ரத்தத்தில் கிருமி இருக்கலாம் என்று மருந்து ஏற்றினார்கள். மருந்து இறங்கிக்கொண்டிருக்கும்போதே மூச்சு நின்றது.

அந்த நாட்களில் குழந்தையின் ஈரத்துணியில் ஒரு வாசம் இருந்தது. வெந்தயத்தை வறுத்துச் சர்க்கரைப் பாகில் போட்டது போன்ற வாசம். கமலவேணி கவனித்து அம்மாவிடம் கேட்டாள்.

"நீ திங்கிற வெந்தயக் களிதான் சாமி. பால்ல எறங்கும்" என்றார் அம்மா.

அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. பிள்ளை பெற்றவளுக்கு அந்த வீட்டில் காலையில் முதலில் தருவது வெந்தயக் களிதான். கமலவேணியின் வியர்வையிலேயே அந்த வாசம் இருந்தது. அதனால் யாரும் அதை நோய் என்று நினைக்கவில்லை. மாந்தம் என்றார்கள், கண்ணேறு என்றார்கள், கடைசியில் விதி என்றார்கள்.

கமலவேணி ராசிபுரத்து நெசவுக் குடும்பத்துப் பெண். விலங்கியலில் முதுகலை படித்தவள். அம்மாவின் கடைசித் தம்பி பிரபாகருக்கு அவளைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவர் சேலம் பக்கத்து இளம்பிள்ளையில் சேலை எடுத்து ஊர் ஊராகக் கடைகளுக்குப் போடுகிறவர். தாய்மாமனைக் கட்டுவது அவர்கள் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக நடப்பதுதான். சிறு வயதிலிருந்து "மாமா" என்று கூப்பிட்டவரைக் கல்யாணத்துக்குப் பிறகும் அப்படியே கூப்பிட்டாள். இருவருக்கும் ஒருவர் மேல் ஒருவருக்குப் பிரியம் இருந்தது.

குழந்தை போன பிறகு வீட்டில் இருக்க முடியாமல் சீக்கிரமே வேலைக்குத் திரும்பினாள். மோகனூர் சாலையில் ஒரு தீவனக் கம்பெனி நடத்திய மீன் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வேலை. கோழித் தீவனத்தில் பெரிதாக வளர்ந்த கம்பெனி அது. முட்டைக்கோழிக்கு எந்த வயதில் எந்தச் சத்து எவ்வளவு என்று அவர்களிடம் விரல் நுனியில் கணக்கு இருந்தது. பண்ணைக்குட்டை போட்டு மீன் வளர்க்கும் விவசாயிகள் எருமப்பட்டிப் பக்கமெல்லாம் பெருகியதும் மீன் தீவனத்திலும் இறங்கினார்கள். ஆனால் கோழியின் கணக்கு மீனுக்கு ஒத்து வரவில்லை. மீனுக்கென்று தனியாகக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அதற்காக வந்தவர் டாக்டர் சுவாமிநாதன். வயதானவர், அதிகம் பேசாதவர், மீன் உணவியல் படித்தவர். அவருக்கு உதவியாளராகத்தான் கமலவேணி சேர்ந்தாள்.

வேலை இதுதான். புரதம் என்று பொதுவாகச் சொல்வது பல அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. அவற்றில் சிலவற்றை மீன் தன் உடம்பில் செய்துகொள்ளும். சிலவற்றைச் செய்யத் தெரியாது, தின்பதில்தான் வர வேண்டும். அப்படி வர வேண்டியதில் ஒன்றே ஒன்று குறைந்தாலும், மற்றவை எவ்வளவு இருந்தும் பயனில்லை, மீன் வளராது. அளவுக்கு மிஞ்சினாலும் வளர்ச்சி கெடும். ஆகவே ஒவ்வொன்றும் எவ்வளவு வேண்டும் என்று தனித்தனியாகக் கண்டுபிடிக்க வேண்டும். வழி ஒன்றுதான். மற்ற எல்லாம் சமமாக இருக்கும்படி தீவனம் செய்து, அந்த ஒன்றை மட்டும் ஒரு தொட்டிக்கு மிகக் குறைவாகவும், அடுத்ததற்குக் கொஞ்சம் கூடவும், அதற்கடுத்ததற்கு இன்னும் கூடவும் போட்டு, வாரக்கணக்கில் வளர்த்து, நிறுத்துப் பார்ப்பது. வளர்ச்சி ஏறிக்கொண்டே போய் எந்த இடத்தில் நிற்கிறதோ அதுதான் தேவை.

வெள்ளைப் பொடிகளைக் கடுகளவும் பிசகாமல் நிறுப்பது அவள் பொறுப்பு. அலமாரியில் லைசின், மெத்தியோனின், லியூசின், வேலின் என்று பாட்டில்கள் வரிசையாக இருக்கும். நிறுத்துக் கலந்து, மாவாகப் பிசைந்து, இடியாப்பம் பிழிவது போலப் பிழிந்து, உலர்த்தி, உடைத்து ரோகு மீன் குஞ்சுகளுக்குப் போட வேண்டும். ஒரு சோதனை முடிய மாதங்கள் ஆகும். ஒரு சமயத்துக்கு ஒரு அமினோ அமிலம்தான். குறைவாகப் பெற்ற தொட்டியில் குஞ்சுகள் வாரம் போகப் போகத் தலை பெருத்து உடல் சிறுத்துத் தெரியும். துடுப்பு நுனி அரிக்கும். தீவனம் போட்டால் வந்து முகர்ந்துவிட்டுத் திரும்பும். ஆரம்பத்தில் அதைப் பார்க்க அவளுக்குச் சங்கடமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

இரண்டாவது முறை கர்ப்பமானபோது அவள் ஒன்று மட்டும் சொன்னாள்.

"அம்மா, வெந்தயம் மட்டும் ஊட்டுக்குள்ள வேண்டாம். அந்த வாசம் வந்தா எனக்கு அவன் ஞாபகம் வருது."

"பால் சொரக்க வேண்டாமா சாமி?"

"பூண்டு குடு, எது வேணாலும் குடு. வெந்தயம் வேண்டாம்."

அம்மா மறுக்கவில்லை. தோசைக்கு அரைப்பதில் கூடப் போடவில்லை.

பெண் குழந்தை பிறந்தது. கனிஷ்கா என்று பெயரை முன்பே வைத்திருந்தார்கள். இந்த முறை நாள் பார்த்துக் காத்திருக்க யாருக்கும் துணிவு இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த சில நாட்களில், ஒரு காலை, கமலவேணி ஈரத்துணியை மாற்றும்போது அதே வாசம் வந்தது.

துணியை முகத்துக்கு நேரே பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வீட்டில் வெந்தயம் ஒரு மணி கூட இல்லை.

"மாமா, வண்டியை எடுங்க. சேலத்துக்குப் போலாம்" என்றாள்.

"பாப்பா நல்லாத்தானே இருக்கு?"

"குடிக்கிறது கொறஞ்சிருக்கு. இந்தத் துணிய மோந்து பாருங்க."

பிரபாகர் முகர்ந்தார். வண்டிச் சாவியை எடுத்தார்.

சேலத்தில் குழந்தை மருத்துவர் அறிவுச்செல்வி துணியை வாங்கி முகர்ந்தார். நீங்கள் வெந்தயம் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றதும் அடுத்த கேள்வி, "நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?"

"தாய்மாமனுங்க."

"இதுக்கு முன்னாடி கொழந்த?"

கமலவேணி சொன்னாள். மருத்துவர் ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்பினார். முடிவு வரும்வரை காத்திருக்காமல் பாலை நிறுத்திச் சர்க்கரைத் தண்ணீரை நரம்பில் ஏற்றச் சொன்னார். முடிவு வந்த அன்று இருவரையும் உட்கார வைத்து மெதுவாகச் சொன்னார். சில அமினோ அமிலங்களை உடைத்துக் கரைக்கும் சக்தி இந்தக் குழந்தைக்குப் பிறவியிலேயே இல்லை. குடிக்கிற பாலில் உள்ளது கரையாமல் ரத்தத்தில் சேர்ந்துகொண்டே போகும், மூளையைத் தாக்கும். வெளிநாட்டில் ஒரு மரத்துப் பாகின் பெயரை இந்த நோய்க்கு வைத்திருக்கிறார்கள், சிறுநீரில் அந்தப் பாகின் வாசம் வருவதால்.

"எந்த அமினோ அமிலங்க?" என்று கேட்டாள் கமலவேணி.

"மூணு இருக்கு. முக்கியமா லியூசின்."

அலமாரியில் அந்தப் பாட்டில் எந்த இடத்தில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

பிரபாகர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு பேருக்கும் ஒரே ரத்தம். அதனாலயாங்க?"

"ஒரே குறை ரெண்டு பேர்கிட்டயும் மறைஞ்சு இருந்திருக்கு. சொந்தத்துல அது சேர்றதுக்கு வாய்ப்பு அதிகம். நீங்க தெரிஞ்சு செஞ்சது இல்லையே."

அம்மா அன்று மாலை ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரோரம் உட்கார்ந்து அழுதார். "நாந்தானே எந்தம்பிக்கே குடுக்கோணும்னு நின்னேன். நாந்தானே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கமலவேணிக்கு அவரைத் தேற்றத் தெம்பு இல்லை.

அதன் பிறகு வாழ்க்கை தராசில் வந்து நின்றது. அந்த மூன்றும் நீக்கிய மாவுப்பால் தகர டப்பாக்களில் வெளியூரிலிருந்து வரும். ஆனால் அது மட்டும் போதாது. லியூசின் அறவே இல்லாவிட்டாலும் குழந்தை வளராது, தோல் வெடிக்கும். அதனால் சாதாரணப் பாலையும் கொஞ்சம் கலக்க வேண்டும்.

"எவ்வளவுங்க மேடம்?"

"புத்தகத்துல இருக்கிறது ஆரம்பிக்கத்தான். இவளுக்கு எவ்வளவு தாங்கும்கிறத இவ ரத்தம்தான் சொல்லோணும். கொஞ்சம் குடுத்துப் பாப்போம். ரத்தம் பாப்போம். கூட்டுவோம், கொறைப்போம்."

அது தன் வேலையேதான் என்று கமலவேணிக்குப் புரிந்தது. ஒரு வித்தியாசம். அங்கே குறைவான தொட்டி கெட்டால்தான் சரியான அளவு தெரியும். கெடுவதற்கென்றே சில தொட்டிகளை வைத்திருக்கிறார்கள். இங்கே ஒரே ஒரு குழந்தை. ஒவ்வொரு தவறும் அதன் மேலேயேதான் விழும்.

முதல் சில நாட்களின் சேதம் ஏற்கெனவே நடந்திருந்தது. கனிஷ்கா தாமதமாகத் தலை நிமிர்த்தினாள், தாமதமாக உட்கார்ந்தாள். நடக்கத் தொடங்கியபோது நுனிக்காலில் நடந்தாள். பேச்சு மூன்று நான்கு சொற்களுக்கு மேல் வரவில்லை. ஆனால் சிரிப்பாள். வாளித் தண்ணீரில் கையை விட்டு அடித்து, முகத்தில் தெறித்தால் மூச்சு முட்டச் சிரிப்பாள். பருப்பு இல்லை, தயிர் இல்லை. முட்டை ஊரில் பிறந்தவளுக்கு முட்டை இல்லை. பயமில்லாமல் தரக்கூடியதாக இருந்தது ஜவ்வரிசிக் கஞ்சிதான். மரவள்ளி மாவில் புரதம் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. சேலத்து ஜவ்வரிசியை அம்மா விதவிதமாகச் செய்து கொடுப்பார். கமலவேணி வேலைக்குப் போகும் நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள அம்மா நாமக்கல்லுக்கே வந்துவிட்டிருந்தார். "ஏங்கண்ணு, இன்னொரு வாய்" என்று அவர் ஊட்டுவதும், அவள் வாயைத் திறப்பதும், வீட்டில் அந்த ஒரு நேரம்தான் எல்லோரும் நோயை மறந்திருப்பார்கள்.

கனிஷ்காவுக்கு மூன்று வயது நெருங்கும்போது ஆய்வுக்கூடத்தில் லியூசினின் முறை வந்தது. சுவாமிநாதனுக்கு எல்லாம் தெரியும். அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"இந்தச் சோதனைக்கு வேற ஆள் போட்டுக்கலாம்மா. நீ இந்த ஒண்ணுக்கு ஒதுங்கிக்க."

"இல்லைங்க சார். நானே பாக்கறேன்."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளாலேயே பிறகு சொல்ல முடியவில்லை. பொடியை வேறொருவர் அஜாக்கிரதையாக நிறுப்பார் என்று தோன்றியது மட்டும் நினைவில் இருந்தது.

முதல் வாரங்களில் தாங்கிக்கொண்டாள். பிறகு மிகக் குறைவான தீவனம் தின்ற தொட்டிகளில் குஞ்சுகள் மெலியத் தொடங்கின. மிக அதிகமாகத் தின்ற தொட்டிகளிலும் வளர்ச்சி பின்வாங்கியது; அங்கே குஞ்சுகள் மந்தமாக, ஒரு மூலையில் ஒதுங்கி நின்றன. அந்தத் தொட்டிகளுக்கு அவள் கடைசியாகத்தான் தீவனக் கிண்ணத்தை எடுத்துப் போனாள். ஒரு நாள் சுவாமிநாதனிடம் போனாள்.

"சார், கடைசித் தொட்டிங்களை மட்டும் நிறுத்திடலாங்களா? மேல போகப் போகக் கெடுதல்னு தெரிஞ்சுருச்சே."

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "எவ்வளவு கெடுதல், எந்த இடத்துல ஆரம்பிக்குதுன்னு தெரியலையே. அது தெரியாமத் தீவனம் போட்டா எத்தனை குட்டையில இதே நடக்கும்? நீயே சொல்லு."

அவர் சொன்னது சரி. அவள் திரும்பிப் போய்த் தீவனம் போட்டாள்.

முடிவாக எடை பார்க்கும் நாள் வந்தது. எல்லாத் தொட்டி மீன்களையும் ஒரே நாளில் நிறுத்தாக வேண்டும். அன்று காலை கனிஷ்காவின் நெற்றி லேசாகச் சூடாக இருந்தது. மூக்கு ஒழுகியது. காய்ச்சலுக்குக் கமலவேணி மிகவும் பயந்தாள். காய்ச்சலில் குழந்தை தின்பது குறையும். தின்பது குறைந்தால் உடம்பு தன் சதையையே கரைத்து எரிக்கும். அந்தச் சதைக்குள்ளும் லியூசின்தான். பட்டினி போட்ட மீன் எப்படித் தன்னையே தின்கிறது என்று அவள் அறிந்தவள். காய்ச்சல் நாளுக்கென்று மருத்துவர் சொல்லிக்கொடுத்த சர்க்கரைக் கரைசலைக் கலந்து வைத்தாள்.

"அம்மா, பால் வேண்டாம். இது மட்டும் விட்டு விட்டுக் குடு. சூடு ஏறினாப் போன் பண்ணு. மத்தியானத்துக்குள்ள வாரேன்."

"நீ போய்ட்டு வா சாமி. நான் பாத்துக்கறேன்."

ஆய்வுக்கூடத்தில் கிராம்பு எண்ணெய் கலந்த தண்ணீரில் மீன்களை மயக்கி ஒவ்வொன்றாக நிறுத்துக்கொண்டிருந்தாள். பாதித் தொட்டிகள் முடிந்திருந்தபோது போன் வந்தது. குடித்ததையெல்லாம் பாப்பா வாந்தி எடுத்தாள், பிறகு அயர்ந்து தூங்கினாள், தூங்கட்டும் என்று விட்டேன், இப்போது எழுப்பினால் எழுந்திருக்கவில்லை என்றார் அம்மா.

கையிலிருந்த மீனைத் தண்ணீரில் விட்டாளா, மேசையில் வைத்தாளா என்பது அவளுக்கு நினைவில்லை. சுவாமிநாதனே அவளைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு போனார். வீட்டு வாசலில் அம்மா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். சேலம் போகும் சாலை முழுவதும் கமலவேணி மகளின் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தாள். கனிஷ்கா ஒரு தடவை கண்ணைத் திறந்தாள். பார்வை எதிலும் நிற்கவில்லை.

அறிவுச்செல்வி வாசலுக்கே வந்தார். மூளை வீங்கியிருந்தது. ரத்தத்தைச் சுத்தம் செய்யும் கருவியை மாட்டினார்கள். இரண்டு நாள் இருந்தாள். மூன்றாம் நாள் காலை போய்விட்டாள்.

பிரபாகர் இளம்பிள்ளையிலிருந்து வந்தது முதல் ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தார். குழந்தையை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றும், உறவுக்காரர்கள் இருக்கும்போதே, தன் அக்காவின் முன் போய் நின்றார்.

"என்னக்கா குடுத்தே? உண்மையைச் சொல்லு. முட்டை குடுத்தியா? பருப்பு குடுத்தியா?"

"சாமி சத்தியமா அந்தத் தண்ணியத் தவிர ஒண்ணும் குடுக்கலடா பிரபா."

"பாவம் பாத்து ஒரு வாய் ஊட்டியிருப்பே. உன்னைப் பத்தித் தெரியாதா எனக்கு?"

அம்மா மகளைப் பார்த்தார். அன்று காலை காய்ச்சலோடு குழந்தையை விட்டுப் போனது யார் என்று அவர் திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவர் கேட்காததைக் கமலவேணியும் சொல்லவில்லை. மாமா, நான்தான் போனேன் என்று நாக்கு வரை வந்தது. அம்மா தன் துணிகளை ஒரு பையில் எடுத்துக்கொண்டு ராசிபுரம் பேருந்துக்குக் கிளம்பினார். யாரும் தடுக்கவில்லை.

சில நாள் கழித்து அறிவுச்செல்வி இருவரையும் கூப்பிட்டுப் பேசினார். வெளியிலிருந்து எந்த உணவும் போக வேண்டியதில்லை, அந்தக் காய்ச்சலும் வாந்தியுமே போதும் என்றார். வெளியே வந்ததும் பிரபாகர், "அக்காகிட்டப் போய் மன்னிப்புக் கேக்கோணும்" என்றார். போனார். அக்கா காபி போட்டுக் கொடுத்தார், நன்றாகத்தான் பேசினார். ஆனால் நாமக்கல் வீட்டுக்கு மட்டும் அதன் பிறகு வரவே இல்லை.

"அன்னிக்கு நான் வேலைக்குப் போயிருக்கக் கூடாது மாமா" என்று கமலவேணி ஒரு நாள் சொன்னாள். பிரபாகர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினார். பிறகு மீண்டும் பிசைந்தார். அதற்கப்புறம் அவர் இளம்பிள்ளையில் தங்குவது அதிகமானது. பிரிந்தார்கள் என்று சொல்ல முடியாது. வாரக் கடைசியில் வருவார், காய்கறி வாங்கி வைப்பார், தொலைக்காட்சி பார்ப்பார். இனி குழந்தை வேண்டாம் என்பதில் மட்டும் இருவருக்கும் பேச்சே தேவைப்படவில்லை.

ஆய்வுக்கூடத்தில் மீதித் தொட்டி மீன்களை அன்று உதவியாட்கள் நிறுத்து முடித்திருந்தார்கள். ரோகுக் குஞ்சுக்கான லியூசின் அளவு கிடைத்தது. வளர்ச்சிக் கோடு ஏறி, ஓர் இடத்தில் திரும்பி, கொஞ்ச தூரம் சமமாகப் போய், பிறகு சரிந்தது. சுவாமிநாதன் அந்தப் படத்தை அவளிடம் காட்டினார். கட்டுரையில் அவள் பெயரைத் தன் பெயருக்கு அடுத்துப் போட்டிருந்தார். நன்றி சொல்லிவிட்டு அவள் அடுத்த சோதனைக்கு வேலினை நிறுக்கப் போனாள். வேலையை விட்டுவிடு என்று சிலர் சொன்னார்கள். விட்டுவிட்டு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மாவுப்பால் டப்பாக்கள் சில பிரிக்காமலே சமையலறைப் பரணில் இருந்தன. ஒரு நாள் அறிவுச்செல்வி போனில் கேட்டார். குமாரபாளையத்திலிருந்து ஒரு நெசவுக்காரக் குடும்பம், இதே நோய், பிறந்து சில நாள்தான் ஆகிறது, டப்பா வந்து சேர நாளாகும், உங்களிடம் இருந்தால் கொடுக்க முடியுமா. மருத்துவர் மிகவும் தயங்கிக் கேட்டார்.

"ஆள் அனுப்புங்க மேடம், குடுத்துவிடறேன்" என்றாள். போனை வைத்த பிறகு டப்பாக்களையும் வீட்டுச் சிறு தராசையும் தானே எடுத்துக்கொண்டு சேலத்துக்குப் பேருந்து ஏறினாள்.

அந்தத் தாயின் பெயர் ஜீவா. சின்ன வயது. கட்டிலில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கமலவேணி டப்பாவைத் திறந்து, எப்படி நிறுப்பது, எந்தச் சூட்டில் தண்ணீர், சாதாரணப் பாலை எப்போது சேர்ப்பது என்று காட்டிக் கொடுத்தாள். ஜீவா கவனமாகக் கேட்டாள். எல்லாம் முடிந்ததும் முகம் தெளிந்து, "உங்க பாப்பா இப்ப எப்படிங்கக்கா இருக்கா?" என்று கேட்டாள்.

கமலவேணி டப்பாவின் மூடியை அழுத்தி மூடினாள்.

"இல்லைங்க. போயிட்டா."

ஜீவாவின் கை டப்பாவிலிருந்து விலகியது. குழந்தையைப் பார்த்தாள். பிறகு கோபமாகவே கேட்டாள், "அப்ப எதுக்குங்க இதெல்லாம்?"

மூன்று வருடம் கனிஷ்கா தண்ணீரை அடித்துச் சிரித்தாள் என்று சொல்லலாமா எனக் கமலவேணி நினைத்தாள். அதைக் கேட்கும் நிலையில் அந்தப் பெண் இல்லை.

"காய்ச்சல் வந்தா, லேசாத்தானேன்னு இருந்துறாதீங்க. எந்த வேலையா இருந்தாலும் போட்டுட்டுப் புள்ளையத் தூக்கிட்டு இங்க வந்துருங்க" என்றாள். "நான் வேலைக்குப் போய்ட்டேன்."

யாரிடமும் அவள் அதற்கு மேல் விளக்கிச் சொன்னதில்லை. ஜீவா அழத் தொடங்கினாள். குழந்தையும் விழித்து அழுதது. கமலவேணி எழுந்து போகவில்லை. பால் கலக்கும் நேரம் ஆகியிருந்தது. சிறு தராசை எடுத்துக் கட்டிலின் ஓரத்தில் சமமாக வைத்து, ஜீவாவின் கையில் கரண்டியைக் கொடுத்தாள்.

"இப்ப நீங்க நிறுங்க. நான் பாக்கறேன்."